செரங்கெட்டிக்கு நாலரை, சுவாஹிலிக்கு ஒன்று

பத்து நாள் தான்சானியா பேக்கேஜ் டூருக்கான மார்க்கை முதலிலேயே போட்டுவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு போய்விடலாம். காடு காட்டியதற்கு ஐந்துக்கு நாலரை. ‘சுவாஹிலி பண்பாட்டு அனுபவம்’ என்று நோட்டீஸில் போட்டுக் காசு வாங்கிய பகுதிக்கு ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் கடைசி மூன்று நாள் சான்சிபார் தீவில் எங்களை எங்கேயும் இழுத்துப் போகாமல் சும்மா விட்டதற்காக.

போனது ஐந்து பேர். பெரியப்பா, பெரியம்மா, தோஹாவில் வேலை பார்க்கிற அண்ணன், மைனி, நான். செலவில் முக்கால்வாசி அண்ணனுடையது, இதை எழுதச் சொன்னதும் அண்ணன்தான். பெரியப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் கீழே வருகிற தீர்ப்பில் பாதி அவருடையது. வனத்துறையில் 31 வருஷம், பெரும்பாலும் முண்டந்துறைப் பக்கம். 1988இல் களக்காடும் முண்டந்துறையும் சேர்ந்து ஒரே புலிகள் காப்பகமானபோது அங்கே வேலையில் இருந்தவர். இத்தனை வருஷத்தில் புலியை நேருக்கு நேர் பார்த்தது ஐந்தே தடவை. மற்றதெல்லாம் கால்தடம், எச்சம், மரத்தில் நகக்கீறல். அப்படிப்பட்ட ஆளைத் தான்சானியாவுக்குக் கூட்டிப்போய்க் காட்டைக் காட்டுவதென்றால் சும்மாவா, கறிக்கடைக்காரருக்கு விருந்து வைப்பது மாதிரி.

டிராவல்ஸ் நம்ம ஊர்ப்பக்கத்து ஆள்தான். பெயர் எழுதவில்லை, இன்னும் ஒரு பணக்கணக்கு பாக்கி இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். பத்து நாள், விமானம் தவிர்த்து ஆளுக்கு 2 லட்சத்து 70 ஆயிரம். இவர்கள் இங்கே பணம் வாங்கிக்கொண்டு தான்சானியாவில் அருஷா என்கிற ஊரில் இருக்கிற ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்துவிடுவார்கள், வண்டி, டிரைவர், கூடாரம் எல்லாம் அந்தக் கம்பெனி. இது போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதில் தப்பொன்றும் இல்லை, ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை யாரிடம் கேட்பது என்பது முதலிலேயே தெரிந்திருந்தால் நல்லது.

காகித வேலையில் குறை சொல்ல மாட்டேன். மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு மட்டும் சென்னை போக வேண்டி வந்தது, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டோம். புறப்படுவதற்குக் குறைந்தது 10 நாளுக்கு முன்னால் போட்டிருக்க வேண்டும், அந்த மஞ்சள் அட்டை ஆயுசுக்கும் செல்லும். மஞ்சள் காய்ச்சல் நாடு என்று நம் அரசு பட்டியல் போட்ட இடத்திலிருந்து அது இல்லாமல் திரும்பி வந்தால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைக்க அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. விசா ஆன்லைனில் 50 டாலர். சான்சிபாருக்கென்று தனியாக 44 டாலர் காப்பீடு, 2024 அக்டோபரிலிருந்து கட்டாயம். எங்கள் பேக்கேஜில் இது சேராது என்பதைத் தீவில் இறங்குவதற்கு முந்தின நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் சொன்னார்கள், ஐந்து பேருக்கு 220 டாலர்.

இன்னொன்று, பிளாஸ்டிக் பை. தான்சானியா 2019 ஜூனிலேயே தடை போட்டுவிட்டது, வெளிநாட்டுக்காரர் பெட்டிக்குள் கொண்டுபோவதும் கூடாது. பெரியம்மா முறுக்கு, மோர் மிளகாய், பருப்புப் பொடி என்று ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு மெழுகுவத்தியில் ஒட்டி வைத்திருந்தார். திருவனந்தபுரம் கிளம்புகிற அன்றைக்குக் காலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்து டப்பாவுக்கும் மஞ்சப்பைக்கும் மாற்றினோம். நம்ம ஊரிலும் அதே 2019இல்தான் தடை வந்தது, ஆனால் யார் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள்.

தோஹா வழியாகக் கிளிமஞ்சாரோ விமான நிலையம். அங்கே வந்து நின்ற டிரைவருக்குத்தான் இந்த நாலரை மார்க்கில் மூன்று போகும். வந்தவுடன் பெரியப்பாவைப் பார்த்து, “ஷிகமோ, ம்ஸே” என்று தலையைத் தாழ்த்தினார். பெரியப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் மரியாதை என்று மட்டும் புரிந்துவிட்டது, கும்பிட்டார். அப்புறம் வண்டியில் டிரைவரே விளக்கினார். பெரியவர்களுக்குச் சொல்கிற வணக்கம் அது, ‘உங்கள் காலைப் பிடிக்கிறேன்’ என்பதிலிருந்து வந்தது. பெரியவர் ‘மரஹபா’ என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். அன்றிலிருந்து பெரியப்பா மரஹபா சொல்லாத இடமே இல்லை. டிரைவரை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிட்டோம். அங்கே எல்லாரும் பேசுகிற சுவாஹிலி மொழியில் காக்கா என்றால் அண்ணன். காயல்பட்டினத்தில் அண்ணனைக் கூப்பிடுகிற அதே வார்த்தை, எனக்குக் காயலில் கூடப்படித்தவன் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

வண்டி மேல்கூரை தூக்குகிற லேண்ட் குரூசர், எல்லாருக்கும் ஜன்னல் சீட். இதைப் புக் பண்ணும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்தால் அந்த ஆள் பத்து நாளும் மற்றவர் முதுகைத்தான் பார்க்க வேண்டும். தார் ரோடு ங்கொரொங்கொரோ வாசலோடு முடிந்துவிடுகிறது. (பெரியம்மாவுக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை, கடைசி வரைக்கும் ‘குரங்கூர்’தான்.) அதற்குப் பிறகு மண்ணும் சரளையும், குலுக்கல் என்றால் மாஞ்சோலைக்கு மழைக்காலத்தில் போகிற பஸ் பரவாயில்லை. முதுகு வலிக்காரர்கள் யோசித்துப் போங்கள்.

முதல் நாள் தரங்கிரே தேசியப் பூங்கா. யானையும் ஆனைப்புளி மரமும். நன்றாக இருந்தது, ஆனால் அடுத்து வந்ததைப் பார்த்த பிறகு அதை எழுதக் கை வரவில்லை.

நாங்கள் போனது பிப்ரவரியில். தேதியை டிராவல்ஸ்காரர்கள்தான் சொன்னார்கள், அதற்காக அவர்களுக்கு ஒரு கும்பிடு. பதினைந்து லட்சத்துக்குக் கிட்டத்தட்ட வில்டபீஸ்ட் (மாடு மாதிரி இருக்கிற ஒரு மான்) மழையைத் துரத்திக்கொண்டு வருஷம் முழுக்க வட்டமடிக்கிற கதை எல்லாருக்கும் தெரியும், டிவியில் மாரா ஆற்றை முதலைக்கு நடுவில் தாண்டுவதைக் காட்டுவார்கள். அது ஜூலைக்கு மேல், வடக்கே. பிப்ரவரியில் அவை தெற்கே ண்டூட்டு புல்வெளியில் கன்று போடும். அந்த மண் பழைய எரிமலைச் சாம்பல், புல்லில் சத்து அதிகம், பால் கொடுக்கிற தாய்க்கு அது வேண்டும், அதனால்தான் அங்கே. இரண்டு மூன்று வாரத்துக்குள் லட்சக்கணக்கில் கன்று விழுகிறது. எல்லாம் சேர்ந்தாற்போல் பிறந்தால் சிங்கமும் கழுதைப்புலியும் எத்தனையைத்தான் தின்றுவிட முடியும், அதுதான் கணக்கு.

வண்டிக்கு முப்பது அடியில் ஒன்று கன்று போட்டது. காக்கா எஞ்சினை அணைத்துவிட்டார். ஈரம் காயவில்லை, அதற்குள் அந்தக் குட்டி எழுந்து விழுந்து, எழுந்து விழுந்து, ஐந்தாறு நிமிஷத்தில் நாலு காலில் நின்று தாய் பின்னால் நடக்கிறது. பெரியம்மா வீட்டில் பசு வளர்த்தவர், ஒவ்வொரு தடவை குட்டி விழும்போதும் “எய்யா, எய்யா” என்று சன்னமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போன் எடுத்து வீடியோ பிடித்தேன், திரும்பிப் பார்த்தால் பெரியப்பா அந்தக் கன்றைப் பார்க்கவே இல்லை, எதிர்ப்பக்கம் புல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். “அங்கன பாருடே, அந்தக் காது ரெண்டும்” என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காக்கா பைனாகுலர் வைத்துப் பார்த்துவிட்டுப் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே. பெண் சிங்கம், புல்லோடு புல்லாக. அன்றையிலிருந்து பெரியப்பாவின் இடம் முன் சீட் ஆகிவிட்டது. ஒருத்தருக்கு இங்கிலீஷ் பாதிதான், இன்னொருத்தருக்குத் தமிழ் சுத்தமாக இல்லை, ஆனால் இருவரும் கையைக் காட்டியே பேசிக்கொண்டு போனார்கள். காற்று எந்தப் பக்கம், பருந்து எங்கே வட்டமிடுகிறது, வரிக்குதிரை ஏன் ஒரே திசையைப் பார்த்து நிற்கிறது என்று.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் பதினோரு சிங்கம். பெரியப்பா டப்பாவைத் திறந்துகொண்டே, “முப்பது வருஷம் கால்தடத்தப் பாத்துட்டுத் திரிஞ்சேன்லா” என்றார். வருத்தமா சந்தோஷமா என்று எனக்குப் பிடிபடவில்லை. ராத்திரி கூடாரத்தில் படுத்தபோது, “பாக்காததுக்கும் ஒரு மதிப்பு உண்டுடே, இங்க எல்லாம் கடைத்தெரு மாதிரி கெடக்கு” என்றார். அதுவும் சரிதான். முண்டந்துறையில் மழைக்காடு, பத்தடிக்கு அப்பால் இருப்பது தெரியாது. இங்கே மரமே இல்லாத வெளி, மாசாய் மொழியில் ‘முடிவில்லாத சமவெளி’ என்பதிலிருந்து வந்த பெயர்தான் செரங்கெட்டி. 14,763 சதுர கிலோமீட்டர். தென்காசியைப் பிரிப்பதற்கு முன்னால் இருந்த நம் திருநெல்வேலி மாவட்டத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல், களக்காடு முண்டந்துறையின் மையப் பகுதியைப் போலப் பதினாறு மடங்கு.

சிம்பா என்றால் சிங்கம் என்று காக்கா சொன்னதும் பெரியப்பா, “அது நம்ம சிம்மம்லா” என்று பிடித்துக்கொண்டார். காக்கா விட்டுக்கொடுக்கவில்லை, அது ஆப்பிரிக்காவின் உள்நாட்டுப் பாண்டு மொழிகளில் எப்போதோ இருந்த சொல், இந்தியாவிலிருந்து வந்ததில்லை என்றார். எனக்குப் பிடித்தது வரிக்குதிரையின் பெயர், புண்டா மிலியா. வரி போட்ட கழுதை என்று அர்த்தம். நாம் குதிரை என்கிறோம், அவர்கள் கழுதை என்கிறார்கள்.

செட்சி ஈயைப் பற்றி டிராவல்ஸ்காரர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். துணிக்கு மேலேயே கடிக்கும், கடுகடு என்று வலி. கருப்பும் கருநீலமும் கண்டால் தேடி வரும். மைனி பத்து நாளுக்கும் கருநீலச் சுடிதாராக எடுத்து வந்திருந்தார், அழுக்குத் தெரியாதே என்று. அந்த மட்டில் எங்கள் நாலு பேரையும் ஈ அவ்வளவாகத் தொந்தரவு செய்யவில்லை. மைனி கடைசியில் பெரியம்மாவின் சந்தனக் கலர் சேலையை மேலே சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ண்டூட்டுக் கூடாரத்துக்கு வேலி கிடையாது. இருட்டின பிறகு சாப்பாட்டுக் கூடாரத்துக்குப் போக வேண்டுமானால் டார்ச்சோடு காவல்காரர் வந்து கூட்டிப்போவார். குளிக்க வெந்நீர் வாளியில் தூக்கி வந்து மேலே ஊற்றுவார்கள், ஒரு ஆளுக்கு ஒரு வாளி, அதற்குள் முடித்துக்கொள்ள வேண்டியது. ராத்திரி சிங்கம் உறுமுவது பக்கத்துக் கூடாரத்தில் மாதிரி கேட்டது. எட்டு கிலோமீட்டர் தள்ளிக் கூடக் கேட்கும் என்று காலையில் காக்கா சொன்னார். ராத்திரியே சொல்லியிருக்கலாம்.

பிறகு குரங்கூர். இருபது, முப்பது லட்சம் வருஷத்துக்கு முன்னால் ஒரு எரிமலை தன் உள்ளேயே சரிந்து விழுந்து உண்டான பள்ளம், சுற்றிலும் 600 மீட்டர் சுவர், அடியில் 260 சதுர கிலோமீட்டர் தரை. மேலே விளிம்பில் நல்ல குளிர், ஸ்வெட்டர் கட்டாயம். காலை ஆறு மணிக்குப் பனிக்குள் வண்டி இறங்கும்போது மணிமுத்தாறிலிருந்து மேலே ஏறுகிற ரோட்டைத் தலைகீழாக ஓட்டுவது போல இருந்தது. கறுப்புக் காண்டாமிருகம் பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். பைனாகுலரில் ஒரு புள்ளி, அந்தப் புள்ளி ஒரு தடவை நகர்ந்தது. ஒட்டகச்சிவிங்கி உள்ளே கிடையாது, அந்தச் சரிவில் அதனால் இறங்க முடியாதாம். ஏரியில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில், தண்ணீரே ரோஸ் கலராகத் தெரிந்தது. எல்லாரும் ஆ ஓ என்று நிற்க, பெரியப்பா மட்டும், “இதுக்கு நாங்குநேரி வழியா கூந்தன்குளத்துக்கே போயிருக்கலாம்லா” என்றார். பிப்ரவரியில் கூந்தன்குளத்திலும் பூநாரை இருக்கும் என்பது உண்மை. பறவை பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. ஆனால் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் பெரியப்பா சொன்னது ஊர்ப்பாசம்.

இந்தப் பள்ளத்துக்குள் ஒரு வண்டி இறங்குவதற்கு மட்டும் நாங்கள் போனபோது வரியோடு 295 டாலர், ஆள் கட்டணம் வேறு. செரங்கெட்டிக்குள் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 70 டாலரும் அதற்கு மேல் 18 சதவீத வரியும். அதனால் இந்தப் பயணம் மலிவாக முடியவே முடியாது, யாராவது பாதி விலைக்குச் செய்து தருகிறேன் என்றால் எதில் கை வைக்கிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் டிரைவர் சம்பளத்திலும் நாள் கணக்கிலும்தான்.

சரி, இனிமேல் குறைக்கு வருகிறேன்.

நோட்டீஸில் நாலாம் நாள் ‘சுவாஹிலி கிராமத்தில் பண்பாட்டு அனுபவம்’ என்று போட்டிருந்தது. கூட்டிப்போன இடம் மாசாய் குடியிருப்பு. முள்வேலிக்குள் சாணி பூசிய குடிசைகள், சிவப்புச் சால்வை போட்ட இளைஞர்கள் குதித்துக் காட்டினார்கள், பெண்கள் பாடினார்கள், அண்ணனையும் குதிக்கச் சொன்னார்கள். அப்புறம் ஆளுக்கு ஒரு குடிசைக்குள் கூட்டிப்போய் மணிமாலைக் கடை. வாசலில் வண்டிக்குத் தனியாக 50 டாலர். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த மக்களை நான் குறை சொல்லவில்லை. மாடுதான் அவர்கள் சொத்து, வனவிலங்கோடு சேர்ந்து மாடு மேய்த்து வாழ 1959இலிருந்து அந்தப் பகுதியில் அனுமதி பெற்றவர்கள், காசு கொடுத்துப் பார்க்க வருகிறவனிடம் காசு வாங்காமல் என்ன செய்வார்கள். ஆனால் மாசாய் வேறு, சுவாஹிலி வேறு. மாசாய் உள்நாட்டு மேய்ச்சல்காரர்கள், அவர்கள் மொழி மா. சுவாஹிலி என்ற சொல்லே ‘கரைகள்’ என்கிற அரபுச் சொல்லிலிருந்து வந்தது, கடற்கரை ஊர்க்காரர்கள் என்று அர்த்தம். நாடு முழுக்க எல்லாரும் பேசுவதால் மொழி எல்லாருக்கும் பொது, பண்பாடு கடற்கரையுடையது. நீலகிரியில் தோடர் குடியிருப்பைக் காட்டிவிட்டு இதுதான் காயல்பட்டினம் என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. போனில் கேட்டால் நம்ம ஊர் ஆள், “எல்லாம் ஆப்பிரிக்கா தானே அண்ணாச்சி” என்கிறார்.

அதே வழியில்தான் ஓல்டுபாய் பள்ளத்தாக்கு. மேரி லீக்கி 1959இல் ஆதிமனித மண்டையோட்டைக் கண்டெடுத்த இடம், பக்கத்து லயேடோலியில் 36 லட்சம் வருஷத்துக்கு முன்னால் சாம்பலில் நடந்தவர்களின் காலடி கிடைத்தது. ஆதிச்சநல்லூருக்கு இருபது தடவை போனவன் நான், இதற்காகவே அந்தப் பேக்கேஜைப் பிடித்தேன். காக்கா தன் தாளை எடுத்துக் காட்டினார், அதில் ஓல்டுபாய் இல்லை. எங்கள் தாளில் இருக்கிறது. திருப்பத்தில் இருக்கிற போர்டைத் தாண்டி வண்டி போய்விட்டது.

சாப்பாடும் அப்படித்தான். ‘தென்னிந்திய சைவச் சாப்பாடு’ என்றது அங்கே போனால் பனீரும் நானும் ஆகிவிட்டது. பெரியம்மா பனீரைத் தொட மாட்டார். ஒரு வேளை சமையல்காரர் தனக்கென்று வைத்திருந்த உகாலியும் கீரையும் கொடுத்தார். உகாலி மக்காச்சோள மாவுக் களி, கீரை நம்ம தண்டுக்கீரை மாதிரிதான், தேங்காய்ப்பால் விட்டு வேகவைத்தது. மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டு பெரியம்மா அதைச் சாப்பிட்டுவிட்டு, இவ்வளவு நாளும் இதை ஏன் போடவில்லை என்று கேட்டார். நல்ல கேள்வி.

அருஷாவிலிருந்து சின்ன விமானத்தில் சான்சிபார். இங்கே டிராவல்ஸ் செய்தது ஒன்றே ஒன்று, ஸ்டோன் டவுன் சந்துக்குள் ஒரு பழைய வீட்டில் ரூம் போட்டது. ‘ஓய்வு நாட்கள்’ என்று போட்டுவிட்டுக் கையைக் கழுவிவிட்டார்கள். அதுதான் நல்லதாகப் போயிற்று.

வாசலில் இறங்கியதும் பெரியம்மா சொன்ன முதல் வார்த்தை “திண்ணை”. எல்லா வீட்டுக்கும் முன்னால் சுவரோடு சேர்த்துக் கட்டின கல் திண்ணை, அவர்கள் பராஸா என்கிறார்கள். சாயங்காலமானால் ஆட்கள் அதில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு ஊர்க்கதை. மழை பெய்து சந்தில் தண்ணீர் ஓடினால் அதன்மேல் ஏறி நடந்து போகலாம். கதவைப் பார்த்துவிட்டுப் பெரியப்பா நின்றுவிட்டார், தேக்கில் இழைத்து இழைத்துச் செதுக்கி, பித்தளைக் குமிழ் வைத்தது. கல்லிடைக்குறிச்சியில் இப்போது விற்றுக்கொண்டிருக்கிறார்களே, அந்த மாதிரிக் கதவு. இந்தியாவில் யானை முட்டாமலிருக்க வைத்த குமிழ் இங்கே அழகுக்காக வந்தது என்று கைடுகள் சொல்கிறார்கள். சான்சிபாரில் யானையே இல்லை.

ஒரு திண்ணையில் இரண்டு பெரியவர்கள் பாவோ விளையாடிக்கொண்டிருந்தார்கள். பலகையில் நாலு வரிசை, வரிசைக்கு எட்டுக் குழி, ஆக 32 குழி, 64 விதை. பெரியம்மா கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, “நம்ம பல்லாங்குழிலா, என்ன இவங்களுக்குக் கொஞ்சம் பேராசை” என்றார். நமக்கு 14 குழிதானே. உட்கார்ந்து ஆடவும் செய்தார். தோற்றுப்போனார், இரண்டு தடவை. நாலு காய் சேர்ந்தால் ‘பசு’ என்று எடுத்துக்கொள்வது அதில் கிடையாது என்பதை நாலாவது ஆட்டத்தில்தான் கண்டுபிடித்தார். யாருக்கும் யார் பாஷையும் தெரியாது, ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. இதைத்தான் நோட்டீஸில் பண்பாட்டு அனுபவம் என்று போட்டிருக்க வேண்டும், ஆனால் இதற்கு டிக்கெட் போட முடியாதே.

நாங்கள் தங்கின வீட்டுக்காரம்மா காலையில் விதும்புவா சுட்டார். அரிசி மாவு, தேங்காய்ப்பால், ஏலக்காய், குழிச்சட்டியில் எண்ணெய் விட்டு. பெரியம்மா சட்டியைத் தூக்கிப் பார்த்தார், பணியாரக் கல்லேதான். மத்தியானம் மீனுக்குத் தேங்காய்ப்பால், பீன்ஸுக்குத் தேங்காய்ப்பால், சோற்றுக்கும் தேங்காய்ப்பால், சொதி சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு வேறென்ன வேண்டும். தேங்காய் துருவுவதற்கு ஒரு சின்ன முக்காலி, அதன் மூக்கில் பல் வைத்த இரும்பு, மேலே உட்கார்ந்து துருவ வேண்டியது. அதற்குப் பெயர் ம்புஸி, ஆடு என்று அர்த்தம். மைனி வீட்டில் மிக்ஸிதான், ஆனால் அந்த ஆட்டின்மேல் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்.

அல்வா விஷயத்துக்கு வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஊரில் நடமாட முடியாது. சான்சிபாரிலும் அல்வா உண்டு, ஹலுவா என்பார்கள், ஓமானியர்கள் வழியாக வந்தது. ஸ்டார்ச்சு மாவில் சர்க்கரையும் நெய்யும் ஏலக்காயும் போட்டுக் கிண்டுவது, நம்முடையது மாதிரி கோதுமையை ஊறப்போட்டுப் பிழிந்த பால் இல்லை. கருஞ்சிவப்பு, தொட்டால் ஆடும், பல்லில் ஒட்டும், கூடவே சர்க்கரை போடாத கடுங்காப்பி குட்டிக் கிண்ணத்தில். அந்தக் கசப்பும் இந்தத் தித்திப்பும் சேரும்போது நன்றாகத்தான் இருக்கிறது, நாமும் அல்வாவோடு அப்படி ஒரு காப்பி வைக்கலாம். ஆனால் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கவில்லை, மென்று தின்ன வேண்டியிருக்கிறது. எட்டு மார்க். நம்முடையதற்கு நான் பத்துக்கு ஒன்பதுதான் போடுவேன், இப்போதெல்லாம் நெய் ரொம்ப ஊற்றுகிறார்கள்.

மணிக் கணக்கில் ஒரு கூத்து. மசாலாத் தோட்டம் பார்க்க ஒரு டாக்சிக்காரரிடம் பேசி வைத்திருந்தோம், ‘சா ம்பிலி’ என்று மெசேஜ் போட்டார். அண்ணன் ஒன்று இரண்டு மூன்று படித்து வைத்திருந்தது, ம்பிலி என்றால் இரண்டு, மத்தியானம் இரண்டு மணி என்று எல்லாரையும் தூங்க விட்டுவிட்டது. காலை எட்டு மணிக்கு வாசலில் ஹாரன். சுவாஹிலி மணி சூரியன் உதிக்கிறதிலிருந்து எண்ணுவது, நம்ம ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி, எட்டு இரண்டு மணி. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், வருஷம் முழுக்க ஆறு மணி வாக்கில் விடிந்துவிடும், அந்தக் கணக்குத்தான் அங்கே சரி. பெரியப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது, “உதயாதி நாழிகைலா” என்றார். பஞ்சாங்கத்தில் இருக்கிறதே, விடிந்ததிலிருந்து இத்தனை நாழிகை என்று, அதேதான். மசாலாத் தோட்டம் எங்களுக்கு வேண்டாத வேலை. கிராம்பு, ஜாதிக்காய், மிளகுக்கொடி, குற்றாலத்தில் பார்க்காததா. வடக்கத்திக்காரர்களுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் அதிசயமாக இருக்கலாம்.

கடைத்தெருவில் மைனி ஒரு காங்கா வாங்கினார். பெண்கள் உடுத்துகிற பருத்தித் துணி, ஜோடியாகத்தான் விற்பார்கள், ஒவ்வொன்றிலும் கீழே ஒரு வரி அச்சடித்திருக்கும், அந்த வரியைப் பார்த்துத்தான் பெண்கள் துணி எடுப்பார்களாம். மைனி எடுத்தது ‘ஹராக்கா ஹராக்கா ஹைனா பராக்கா’. அவசர அவசரமாகச் செய்தால் அதில் பரக்கத், அதாவது இறையருள், இருக்காது என்று அர்த்தம். அண்ணனுக்குக் கேட்கிற மாதிரி இரண்டு தடவை வாசித்தார். விலை சொல்லும்போது கடைக்காரர் ‘லாக்கி’ என்றார், பெரியம்மா மட்டும் திரும்பிப் பார்த்தார். லட்சம்தான். நம்ம பக்கத்திலிருந்து போன வார்த்தை, சாய், சப்பாத்தி, அச்சாரி எல்லாம் போன அதே வழியில். சான்சிபாரில் 1930கள் வரை ரூபாய்தான் ஓடியது. டிசம்பரிலிருந்து வடகிழக்குக் காற்று அடிக்கும், அதற்குக் கஸ்காஸி என்று பெயர், அந்தக் காற்றில் பாய் விரித்து இந்தியாவிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் மரக்கலங்கள் வரும், தென்மேற்குக் காற்று கூஸி எழும்பியதும் திரும்பும். தூத்துக்குடித் தோணிக்காரர்களிடம் கேட்டால் இதே காற்றைத் தமிழில் சொல்வார்கள்.

ஒரு இடத்துக்கு மட்டும் கைடு வைத்துப் போங்கள். பழைய அடிமைச் சந்தை. 1873இல் மூடினார்கள், அந்த இடத்தின் மேலேயே ஆங்கிலிக்கன் தேவாலயம் கட்டியிருக்கிறது. ஆட்களைக் கட்டி வைத்து அடித்த கம்பம் இருந்த இடம்தான் இப்போது பீடம். வெளியே ஒரு குழிக்குள் கழுத்தில் சங்கிலியோடு சிலையாக ஆட்கள் நிற்கிறார்கள், அந்தச் சங்கிலி மட்டும் நிஜம். கிராம்புத் தோட்டத்தில் வேலை செய்ய உள்நாட்டிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களும் இந்தத் தீவின் கதைதான். பெரியம்மா உள்ளே வரவில்லை, வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

அதிசய மாளிகை என்று ஒன்று, 1883இல் சுல்தான் கட்டியது, 2020 டிசம்பரில் ஒரு பக்கம் இடிந்து விழுந்தது, வெளியிலிருந்துதான் பார்க்க முடிந்தது. ஃபொரொதானி தோட்டத்து ராத்திரிக் கடையில் விலை கேட்காமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். உரோஜோ மட்டும் பகலில் சந்துக்கடையில் குடியுங்கள், மாங்காய்ப் புளிப்பும் மஞ்சளும் போட்ட குழம்பில் பஜ்ஜியும் உருளைக்கிழங்கும் மிதக்கும். பெரும்பாலும் முஸ்லிம்கள் வாழும் ஊர், தோளும் முழங்காலும் மூடுகிற உடுப்பு மரியாதை.

திரும்பப் போனால் எப்படிப் போவேன் என்று கேட்டால், காட்டுக்கு ஐந்து நாள், அதுவும் அருஷா கம்பெனியிடமே நேரடியாக, இதே டிரைவர் வேண்டும் என்று கேட்டு. சான்சிபாருக்கு ஐந்து நாள், யாரிடமும் பேக்கேஜ் வாங்காமல், திண்ணை இருக்கிற வீடாகப் பார்த்து. ஏப்ரல், மே வேண்டாம், பெருமழை. டிரைவருக்கு இனாம் கொடுப்பது அங்கே வழக்கம், வண்டிக்கு ஒரு நாளைக்கு 20 டாலர் என்று நாங்கள் வைத்தோம், பெரியப்பா தனியாகத் தன் பழைய பைனாகுலரையும் கொடுத்துவிட்டு வந்தார்.

பணக்கணக்கு: ஓல்டுபாய் நுழைவுக் கட்டணமும் ‘சுவாஹிலி கிராமம்’ கட்டணமும் பில்லில் தனித்தனி வரியாக இருக்கிறது, இரண்டையும் திருப்பிக் கேட்டிருக்கிறோம். நாலு மாதம் ஆகிறது. போன வாரம் நேரில் போனேன், டீ வாங்கிக் கொடுத்தார்கள். பணம் வந்தால் இதன் கீழேயே ஒரு வரி சேர்க்கிறேன்.